எதிர்ச்சுற்று

போன வாரம் ராஜாமணியைக் கம்பெனிச் சுவரோரத்தில், இடது முழங்காலைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கவிட்டு வந்தோம். ஒரு வாரமாக அப்படியேவா நிற்கிறான் என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. இல்லை. நொண்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்துவிட்டான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஊர்ச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரகடத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்க் காட்டைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துச் சுவர் எழுப்பியபோது, எல்லையம்மன் கோயில் சுவருக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. அம்மனுக்கு வெளியே வர கேட் பாஸ் இல்லை. ஊருக்கு உள்ளே போக கேட் பாஸ் இல்லை. ஊர் யோசித்தது. அம்மன் இருக்கிற கம்பெனியையே வலம் வர ஆரம்பித்துவிட்டது. லேத், பாய்லர், கேன்டீன், மானேஜர் எல்லாருமே அம்மனோடு சேர்ந்து கும்பிடு வாங்கினார்கள்.

சுவரை எவ்வளவு வேகமாகக் கட்டினார்கள் என்றால், காலையில் மேயப் போன எருமை ஒன்று சாயங்காலம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. அதற்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். அட்டையை நானே பார்த்தேன். போட்டோவில் ஒரு கொம்பு மட்டும் விழவில்லை.

அந்த எருமைக்குக் கிடைத்தது ராஜாமணிக்குக் கிடைக்கவில்லை. அதே கம்பெனியில் அவன் இன்னும் டெம்பரவரிதான். வயது முப்பதைத் தாண்டியாகிவிட்டது. கையில் தொழில் இருக்கிறதோ இல்லையோ, காலில் ஓட்டம் இருக்கிறது. அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து படப்பை வரைக்கும், கம்பெனி கம்பெனியாக ஆள் விட்டு ஒரு நீண்ட ஓட்டம் நடக்கப்போகிறது. முதல் மூன்று பேருக்குள் வந்தால் பர்மனென்ட் என்று மானேஜர் வாய் திறந்து சொல்லியிருக்கிறார். ஓட்டத்தை நடத்துகிற சங்கத்துக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் ஆபீஸ், அங்கே போய்ப் பேர் கொடுக்க வேண்டும். அதற்கு இன்றுதான் கடைசி. ஆறு மணிக்கு ஆபீசைப் பூட்டிவிடுவார்கள்.

முழங்காலோ வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

புதன்கிழமை விடிகாலை. ராத்திரி பெய்த ஆடி மழையில் பாதை சேறாகக் கிடந்தது. ராஜாமணி ஊர்ப்பக்கத்து மூலையில், மஞ்சள் பூசிய கல்லின் அருகே காத்திருந்தான். அதற்குக் கல்லு மூலை என்று பேர்.

அண்ணன் கன்னியப்பனின் கடைசி விசிலுக்காகக் காத்திருந்தான்.

கன்னியப்பன் கம்பெனி செக்யூரிட்டி. காலையிலும் சாயங்காலமும் சுவரைச் சுற்றி ஒரு ரவுண்டு நடந்து, ஒவ்வொரு மூலையிலும் விசில் ஊத வேண்டும். அவர் ஊதிய விசிலைக் கேட்டுச் செங்கல்பட்டில் ஒரு ரயில் கிளம்பிப் போய்விட்டது என்பார்கள். அண்ணன் ரவுண்டை முடித்துக் கேட்டுக்குள் போன பிறகுதான் தம்பி ஓட ஆரம்பிப்பான். மூன்று வருஷமாக இதுதான் ஏற்பாடு. யாரும் பேசி வைத்ததல்ல. பேச்சே இல்லாதவர்கள் எங்கே பேசி வைப்பது?

விசில் கேட்டது. ராஜாமணி ஓடினான்.

சுவர் வலது கைப் பக்கம். இடது கைப் பக்கம் மழைத்தண்ணீர்க் கால்வாய். நடுவில் ஒரே ஒரு ஆள் போகிற பாதை. சேற்றில் அண்ணனின் பூட்ஸ் தடம் சுவரை ஒட்டிப் போயிருந்தது. வலது பூட்ஸின் குதிகாலில் ஆணி ஒன்று தேய்ந்துபோயிருப்பது அவனுக்குத் தெரியும். போன மாசம் அண்ணன் லேசாக நொண்டியதும் தெரியும். அண்ணனைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சேறு சொன்னதுதான்.

அந்தத் தடத்தை அவன் மிதிக்க மாட்டான். கால்வாயோரமாக ஒதுங்கியே ஓடுவான்.

தனியாக ஓடுகிறவனுக்குப் பேச்சுத் துணை அவன் கால்தான். "இன்னிக்கி ஒரு சுத்து மட்டும் குடு. முழுசா ஒரு சுத்து ஓடிட்டா போயி பேரு குடுத்துர்றேன்" என்று முழங்காலிடம் கெஞ்சினான். கேட்டுப் பக்கத்து மூலை வரைக்கும் அது கேட்டுக்கொண்டது. பம்ப்பு செட் இருக்கிற மூலை வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சுடுகாட்டு மூலை திரும்பியதுதான் தாமதம், முட்டியின் வெளிப்பக்கத்தில் ஊசியால் குத்தியது.

தினமும் அங்கேதான் குத்துகிறது. சுவரை ஒட்டிச் சுடுகாடு. அவன் அப்பா வெந்த இடம்.

ஊரில் இதற்கு விளக்கம் கிடைக்காமல் இருக்குமா? "பெத்தவன் கோவம்டா, எங்க புடிக்கணுமோ அங்க புடிக்குது" என்றார்கள். படப்பை டாக்டர், "ஓட்டத்த விடு, இல்லாட்டி முட்டிய விடு" என்றார். ராஜாமணி இரண்டையும் விடவில்லை. நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் அவன் பெண்டாட்டி கங்கா குழவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"யோவ், சட்னி அரைக்கணும். கொழவி எங்கய்யா?"

ராஜாமணி தரையில் ஒருக்களித்துப் படுத்து, குழவியைத் தொடைக்கடியில் வைத்து முன்னும் பின்னும் உருண்டுகொண்டிருந்தான். இடுப்பிலிருந்து முட்டிவரை இறுகிப்போன தசை இதில் கொஞ்சம் இளகுகிறது என்று அவனே கண்டுபிடித்திருந்தான். பிறகு மல்லாந்து, ஒரு காலை மறு காலின் மேல் போட்டு, இடுப்பை முறுக்கினான். முதல் தடவை இதைப் பார்த்த எதிர்வீட்டு சரோஜா, புருஷன் பெண்டாட்டிக்குள் அடிதடி என்று விலக்கிவிட ஓடி வந்தாள்.

"கொழவிய கழுவிக் குடுய்யா. நேத்து சட்னியில ஒன் தொடை வாசனை."

"நேத்து சட்னி நல்லாருக்குதுன்னு சொன்னியே."

"அது வேற."

குழவியைப் பிடுங்கிக்கொண்டு போனவள், சட்னி அரைத்துவிட்டு வாசலில் அவன் ஷூவைத் தேய்க்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"இன்னாய்யா, நீ ஒத்தக் கால்லியா ஓடுற?"

"இன்னா சொல்ற?"

"நீயே பாரு. எடது ஷூ சேத்துல முங்கிட்டு வந்துகீது. வலது ஷூ கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த மாரி கீது. மழ பேஞ்சா தெனம் இதே கூத்துதான். ஒண்ணத் தேச்சு எனுக்கு கையி ஒடியுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ராஜாமணி சிரிக்கவில்லை. இரண்டு ஷூவையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, நொண்டியபடியே கல்லு மூலைக்குப் போனான். பின்னாலேயே இரண்டு நாய்கள் என்னவோ ஏதோவென்று போயின.

பாதையின் நடுவில் தண்ணீரை ஊற்றினான்.

தண்ணீர் நிற்கவில்லை. யோசிக்கவும் இல்லை. நேரே இடது பக்கம் கால்வாய்க்குப் போய் இறங்கிவிட்டது.

வருஷக்கணக்காக இதே பாதை. வலது கால் மேட்டில், இடது கால் பள்ளத்தில். அதிலும் அண்ணன் தடத்தை மிதிக்காமல் ஒதுங்கி ஓடியதில் பள்ளம் இன்னும் பள்ளம். சுடுகாட்டு மூலை வருவதற்குள் பள்ளத்துக் கால் களைத்துவிடுகிறது. அப்பாவின் கோபம் இல்லை. அல்லது, அது மட்டும் இல்லை.

வேகமாக வீட்டுக்கு வந்தான்.

"கங்கா! முட்டில ஒண்ணுமில்ல. பாதைதான் சாஞ்சுகீது. எப்பவும் ஒரே பக்கமா சுத்தறதுல எடது காலு அடி வாங்குது. எதிர்ப்பக்கமா சுத்தினா மேட்டுக்கு எடது காலு வந்துரும். வலிக்காது."

கங்காவின் கையில் இருந்த ஷூ அப்படியே நின்றது.

"எதிர்ப்பக்கமாவா?"

"ஆமா."

"சாமிய எடமா சுத்தப்போறியா? அப்புடி எதுக்கு சுத்துவாங்கோன்னு தெரியுமா ஒனுக்கு?"

"தெரியும்."

"பொணத்துக்குச் சுத்துவாங்கோ."

"தெரியும்னு சொன்னேன்ல."

"ஒனுக்கு எப்புடித் தெரியும்? நீதான் சுத்தலியே."

சொன்ன பிறகு கங்கா ஷூவைக் கீழே வைத்தாள். திரும்ப எடுத்தாள். சுத்தமாக இருந்த வலது ஷூவைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன், அப்பா சாகும்போது ராஜாமணி கோயம்புத்தூரில் ஒரு பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தான். தந்தி பார்த்து பஸ் மாறி பஸ் ஏறி, படப்பையில் இறங்கி, அங்கிருந்து ஓடியே வந்தான். எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர் கூட விசில் அடிக்க மறந்து பார்த்தார் என்று கேள்வி. வந்து சேர்ந்தபோது சிதை பாதி எரிந்துவிட்டிருந்தது. கையில் பந்தயத்தில் ஜெயித்த கோப்பை. எல்லாரும் கோப்பையைப் பார்த்தார்கள்.

அண்ணன் தனியாகக் கொள்ளிப்பானையோடு சுற்றி முடித்திருந்தார். "எனுக்காக நிக்கலியே" என்றான் தம்பி. "ஓடப் போனவனுக்காக எவன் நிப்பான்" என்றார் அண்ணன். அதுதான் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு.

அன்று அவனுக்கு ஷிப்ட் இல்லை. பகல் முழுவதும் கங்கா அவன் பக்கமே திரும்பவில்லை. ராஜாமணி தரையில் படுத்து இடுப்பை முறுக்கினான். அவிழ்த்தான். திரும்ப முறுக்கினான். குழவி கேட்கப் பயமாக இருந்தது.

ஐந்து மணி தாண்டியதும் ஷூவை மாட்டினான்.

"இப்பப் போனா பெரிய மாமா ரவுண்டு வர்ற நேரம். எதுரால பாத்துருவ" என்றாள் கங்கா, சுவரைப் பார்த்து.

"அவரு முடிக்கறதுக்குள்ள ஆறாயிரும். பேரு குடுக்கணும்."

"ஓடிப் பாக்காமலே பேரு குடுத்தா?"

"நடுவுல நொண்டிகினு நின்னா கம்பெனிக்கு அசிங்கம். அப்புறம் டெம்பரவரியும் கெடையாது."

"ஒரு சைக்கிளாச்சும் வாங்கிருக்கலாம். எதுக்கெடுத்தாலும் ஓட்டம்."

கல்லு மூலையில் நின்றான். இத்தனை வருஷத்தில் முதல் முறையாகச் சுவர் அவன் இடது கைப் பக்கம் இருந்தது. அதே சுவர்தான், ஆனால் யாரோ தெரியாதவர் வீட்டுச் சுவர் மாதிரி இருந்தது. உள்ளே அம்மன் இருக்கிற திசையைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காத. முட்டிக்காகத்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

எப்போதும் கடைசியில் வருகிற சுடுகாட்டு மூலை முதலில் வந்தது. கால் களைக்கவில்லை. குத்தவில்லை. அந்த மூலையைத் திரும்பும்போது, தூரத்தில் பம்ப்பு மூலை விசில் கேட்டது.

இருவருக்கும் நடுவில் இனி மூலை கிடையாது. நேர்ப் பாதை மட்டும்தான்.

காக்கி உடுப்பு தெரிந்தது. பிறகு தடி. பிறகு முகம்.

கன்னியப்பனின் மீசை முழுக்க நரைத்திருந்தது. ராஜாமணிக்கு இதை யாரும் சொல்லவில்லை. பூட்ஸ் தடத்தில் மீசை தெரியாது.

ஒரு ஆள் போகிற பாதையில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"ரூல்ஸ் தெரியாது? வலமாத்தான் வரணும்." செக்யூரிட்டி குரல்.

"முட்டி வலி. பாதை சாயுது. மாத்தி ஓடிப் பாக்கறேன்."

கன்னியப்பன் அவன் முட்டியைப் பார்த்தார். அவன் பின்னால் தெரிந்த சுடுகாட்டைப் பார்த்தார். தடியைக் கை மாற்றினார்.

"நான் வேற நெனச்சிட்டேன்."

"இன்னா நெனச்ச?"

"நைனாவுக்குச் சுத்த இன்னிக்கித்தான் வந்தியோன்னு."

எங்கோ ஒரு லாரி கியர் மாற்றிய சத்தம் கேட்டது. ராஜாமணிக்கு மூச்சு வாங்கியது. அவன் இதைவிட வேகமாக, இதைவிடத் தூரம் ஓடி நின்றபோதெல்லாம் இப்படி வாங்கியதில்லை.

"அன்னிக்கி மழ கட்டிகினு வந்துச்சு" என்றார் கன்னியப்பன், கால்வாயைப் பார்த்துக்கொண்டு. "வெறகு நனஞ்சிரும்னாங்கோ. அந்த முக்கையே பாத்துகினு இருந்தேன். வந்துருவான், அவன் ஓட்டக்காரன், ஓடியே வந்துருவான்னு சொன்னேன். ஒருத்தனும் கேக்கல."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கோப்பையோட வந்த."

கன்னியப்பன் பூட்ஸோடு கால்வாய்க்குள் இறங்கி, முட்டியளவு சேற்றில் நின்று, பாதையைக் காலியாக்கினார்.

"போ. நின்னா காலு ஆறிப்பூடும். ஓடு."

ராஜாமணி ஓடினான். இந்தத் தடவை ஒதுங்கி ஓட நினைக்கவில்லை. எதிரே வரிசையாக வந்துகொண்டிருந்த பூட்ஸ் தடங்களின் மேலேயே ஓடினான். சுவரை ஒட்டிப் பாதை கொஞ்சம் சமமாக இருந்தது. இத்தனை நாளும் நல்ல பாதையில் அண்ணன்தான் நடந்திருக்கிறார்.

பம்ப்பு மூலை தாண்டியது. வலி எப்போது வரும் என்று, வரப்போகிற விருந்தாளிக்கு வாசலைப் பார்ப்பதுபோல் முட்டியைக் கவனித்துக்கொண்டே ஓடினான். விருந்தாளி வரவில்லை. மெயின் கேட் தாண்டியது. உள்ளேயிருந்து எருமை ஒன்று கத்தியது, ஷிப்ட் முடிந்திருக்கும்.

அப்போது பின்னால் விசில் கேட்டது.

பம்ப்பு மூலை விசில். அதை அவர் ஏற்கெனவே ஊதியாயிற்றே! அடுத்தது சுடுகாட்டு மூலையிலிருந்து அல்லவா வர வேண்டும்? ராஜாமணி ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். சுவர்தான் தெரிந்தது.

கேட்டுப் பக்கத்து மூலை திரும்பி, கடைசி நீளத்துக்கு வந்தபோது, எதிரே கங்கா வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு கட்டி கற்பூரம். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"நீ இன்னா பண்ற இங்க?"

"நீ எடமா சுத்தறத நான் வலமா சுத்தி அவுத்துகினு வர்றேன். கணக்கு சரியாப்பூடும்." அவன் காலைப் பார்த்தாள். "வலிக்குதா?"

"இல்ல."

"நெசமா?"

"கங்கா, அண்ணன் பேசினாரு."

கற்பூரம் கையில் இருக்கிறது என்பதையே மறந்து, அவள் அவனோடு திரும்பிக் கல்லு மூலைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். மழை, விறகு, முக்கு, கோப்பை. கல்லைத் தொட்டபோது சுற்று முடிந்திருந்தது. முழுச் சுற்று. முட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அப்ப ஓடு! சங்க ஆபீசு பூட்டிருவான்!"

அவன் கிளம்பினான். அப்போது கேட்டுப் பக்கத்து மூலையிலிருந்து விசில் வந்தது.

இருவரும் கேட்டார்கள். முதலில் கங்காவுக்குத்தான் புரிந்தது.

"பெரிய மாமா திரும்பிட்டாரு. நீ போன வழியிலேயே வர்றாரு. எடமா."

ராஜாமணி கல்லின் மேல் கை வைத்தான்.

"நைனாவுக்கு எங்கூடச் சுத்தறாரு" என்றான்.

"அவரு நடந்து வந்து சேர்றதுக்குள்ள ஆறு மணி ஆயிருமேய்யா. நீ போயி பேரு குடுத்துட்டு வா. நான் சொல்லிக்கிறேன் அவருகிட்ட."

"நான் போயிட்டேன்னா, வந்து பாக்கும்போது இங்க நான் இருக்க மாட்டேன்."

கங்கா அவனைப் பார்த்தாள்.

"அவரு நிக்கலன்னுதான மூணு வருசமா மூஞ்ச திருப்பிகினு இருந்த. இப்ப நீ நிக்கறியா?"

"நிக்கறேன்."

"பர்மனென்டு?"

ராஜாமணி கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை.

கங்கா கற்பூரத்தை அவன் கையில் திணித்தாள். புடவையை இழுத்துச் சொருகினாள். செருப்பைக் கழற்றிக் கல்லோரம் விட்டாள். ஓட்டம் என்றாலே திட்டிக்கொண்டிருந்த கங்கா, ஒரகடம் கூட்டு ரோட்டைப் பார்த்து ஓடினாள். கோழி கூடத் துரத்தாத கங்கா.

"ஓரமா ஓடாத!" என்று ராஜாமணி கத்தினான். "ரோடு ஓரத்துல சாயும்! நடுவுல ஓடு!"

"மூடிகினு நில்லுய்யா!" என்ற குரல் மட்டும் திரும்பி வந்தது.

அவன் நின்றான். வேர்வை ஆறியது. கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மடக்கினான், நீட்டினான். மறு காலை மடக்கினான், நீட்டினான். ஓட மட்டுமே பழகிய உடம்புக்கு நிற்பது என்ன வேலை என்று புரியவில்லை.

ஆறு மணிச் சங்கு ஊதியது. கூட்டு ரோட்டுப் பக்கம் கங்கா தெரியவில்லை. ஆள் வராமல் அவன் பெண்டாட்டி சொல்லிப் பேர் எழுதிக்கொள்வார்களா என்பதும் தெரியவில்லை.

சுவரோரப் பாதையில் பாதித் தூரத்தில், கால்வாய்க் கரையில் வளர்ந்த வேலிக்காத்தான் புதர் ஒன்று பார்வையை மறைத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு குதிகால் ஆணி தேய்ந்த சத்தம். வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

ராஜாமணி அந்தப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று வந்துருவான் என்று சொல்லி முக்கைப் பார்த்து நின்றவருக்குச் சுற்றிலும் ஊரே இருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. இன்று கேட்பதற்கும் ஆள் இல்லை.

"வந்துருவாரு" என்று கல்லிடம் சொன்னான்.